அடிலெய்டிலிருந்து ஊலுரு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: நாலு வீல்சேர், 14 நாள், என்னென்ன தயார் பண்ணணும்?

மெல்பர்ன்_வழிப்போக்கன்

ஜூலையில் ஏழு பேர் கிளம்புகிறோம். நாலு பேர் வீல்சேரில். ஒருவருக்கு டி4, ஒருவருக்கு டி10 முதுகுத்தண்டு முறிவு (டி என்றால் மார்புப் பகுதி, எண் சிறியதானால் முறிவு மேலே), ஒருவர் போலியோ. மூவரும் கையால் தள்ளும் நாற்காலி. நாலாவது ஆள் சி6, கழுத்து முறிவு, பவர் வீல்சேர். உதவிக்கு மூன்று பேர். வண்டி இரண்டு: ஹேண்ட் கன்ட்ரோல் (காலில்லாமல் கையாலேயே ஓட்ட) போட்ட லேண்ட் குரூசர் ஒன்று, பின்பக்கம் ஹாய்ஸ்ட் (நாற்காலியைத் தூக்கி ஏற்ற) வைத்த ஹையேஸ் வேன் ஒன்று.

அடிலெய்டு, கூபர் பீடி, ஊலுரு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், திரும்ப அடிலெய்டு. போகும்போது ஊட்னடட்டா டிராக் முழுக்க ஓட்டலாமா என்று ஒரு ஆசை. வழி, டயர், சார்ஜிங், உடம்பு இந்த நாலிலும்தான் சந்தேகம். "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" வகைப் பதில் நிறையக் கிடைத்துவிட்டது. எண்ணும் அளவும் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

செம்மண்தடம்

வழியைப் பத்திச் சொல்றேன். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை முழுக்கத் தார் ரோடு, 1987லேயே போட்டு முடிச்சாச்சு. ஊட்னடட்டா டிராக் அப்படி இல்லை. மாரி ஊரிலிருந்து மார்லா வரை 600 கி.மீ.க்கு மேல மண் ரோடு, பல இடத்துல நெளி தகரம் மாதிரி வரி வரியா இருக்கும். லேண்ட் குரூசருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஹையேஸுக்கும் காஞ்ச நாளில் பெரிய பிரச்சினை வராது. பிரச்சினை உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான். சி6 ஆளுக்கு இடுப்புக்கு மேல உடம்பைப் பிடிச்சு நிறுத்தும் தசைபலம் குறைவு. நாற்காலியை நாலு மூலையில் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தாலும் தலையும் தோளும் நாள் பூரா ஆடிக்கிட்டே வரும். ஹெட்ரெஸ்ட் இல்லாம அந்த ரோட்டுல ஏறவே கூடாது. ஹாய்ஸ்ட்டோட கதவு ஸ்விட்ச்சுல செம்மண் பொடி புகுந்தா அது பாதியில் நின்னுடும். எல்லா ஹாய்ஸ்ட்டுக்கும் கையால் இறக்கி ஏத்த ஒரு வழி இருக்கும். அந்தப் பம்ப் கைப்பிடி வண்டியில எங்க மாட்டியிருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடி மூணு உதவியாளரும் ஒரு தடவை செஞ்சு பார்த்துடணும்.

என் கருத்து: எல்லாரும் தார் ரோட்டுல போங்க. மண் ரோடு ஆசைக்குக் கூபர் பீடியில ரெண்டு ராத்திரி தங்கி, அங்கிருந்து வில்லியம் கிரீக் வரை (சுமார் 165 கி.மீ.) லேண்ட் குரூசர் மட்டும் போய்ட்டு வரலாம். டயர் காத்தை 26-28 பிஎஸ்ஐக்கு இறக்கி, 70-80க்கு மேல போகாம ஓட்டினா நெளிவு பாதி குறையும். திரும்பத் தார் ரோட்டுல ஏறினதும் காத்தை ஏத்த மறக்காதீங்க. மழை பெஞ்சு ரோட்டை மூடிட்டா மூடினதுதான். பலகையைத் தாண்டிப் போனா அபராதமும் உண்டு, சேத்துல மாட்டிக்கிறதும் உண்டு. அந்தச் சேத்துல நாற்காலியை இறக்கவே முடியாது.

பெட்ரோல், டீசல் கணக்கு: போர்ட் அகஸ்டா - பிம்பா சுமார் 170 கி.மீ., பிம்பா - கிளென்டாம்போ 113, கிளென்டாம்போ - கூபர் பீடி 250க்குக் கொஞ்சம் மேல. இந்தக் கடைசித் துண்டுல நடுவுல ஒண்ணுமே கிடையாது. டாய்லெட்டும் இருக்காதுன்னு வெச்சு, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. கூபர் பீடி - மார்லா சுமார் 235, மார்லா - குல்கெரா 180, குல்கெரா - எர்ல்டண்டா 75. எர்ல்டண்டாவுல இடது பக்கம் திரும்பினா யுலாரா (ஊலுருவுக்குப் பக்கத்துல தங்குற ஊர்) 245, நேரா போனா ஆலிஸ் 200. வூமெரா தடை செய்யப்பட்ட பகுதி நெடுஞ்சாலையோட ரெண்டு பக்கமும் பெரிய அளவுல பரந்து கிடக்கு. அங்கே ரோட்டை விட்டு விலகி, கண்ட இடத்துல டென்ட் போட முடியாது.

ஆனா நாளுக்கு எத்தனை கி.மீ.ங்கிறதை இந்தக் கணக்கு முடிவு பண்ணாது, உங்க காலை நேரம்தான் முடிவு பண்ணும். நாலு பேரும் எழுந்து, வயிறு சுத்தம் பண்ணி, குளிச்சு, உடை மாத்தி, வண்டியில ஏற ரெண்டரை மணி நேரமாவது ஆகும். ஜூலை அங்கே குளிர்காலம், வெளிச்சம் வரவே ஏழு தாண்டிடும். ஆக, கிளம்பறது பத்து மணி. சாயங்காலம் அஞ்சுக்கு மேல கங்காரு ரோட்டுக்கு வரும், அதுக்குள்ள வண்டியை நிறுத்திடணும். ஏழு மணி நேரத்துல ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தினா 350-360 கி.மீ. தான் உச்சம். உங்க மொத்த தூரம் ஊலுரு பக்கவாட்டுப் பயணத்தோட 3,550 கி.மீ. வரும். 14 நாளில் ஓட்டுற நாள் பத்து, ஓட்டாத நாள் நாலு. ஓட்டாத நாளைக் குறைச்சா யாராவது ஒருத்தருக்குத் தோல் புண்ணாகிடும்.

ரோட் டிரெயின் (பல டிரெயிலர் கோத்த லாரி) 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். யு.எச்.எஃப். ரேடியோவை 40ஆம் சேனலில் வைங்க. "பின்னால ஒரு வேன் இருக்கு, முந்தலாமா"ன்னு கேட்டா டிரைவரே பதில் சொல்வார். ஒன்றரை கி.மீ. எதிர்ப்பக்கம் காலியாத் தெரியாம முந்தாதீங்க.

ஊலுருவுல மாலா நடைபாதை (போய் வர 2 கி.மீ.), முட்டிஜுலு நீர்நிலைக்குப் போற குனியா நடைபாதை (1 கி.மீ.) ரெண்டும் வீல்சேருக்கு ஏத்தது. சூரிய உதயம் பார்க்கிற தளத்துக்கும் நாற்காலியில போகலாம். மலையைச் சுத்தி 10.6 கி.மீ. பாதை தட்டையானதுதான், ஆனா இடையிடையே மணல் திட்டு இருக்கு. மலை மேல ஏறுறது 2019 அக்டோபரிலிருந்து எல்லாருக்குமே மூடியாச்சு, அதனால யாரும் எதையும் தவறவிடப் போறதில்லை. கிங்ஸ் கேன்யனுக்குப் போனா விளிம்பு நடை வேண்டாம், தொடக்கத்துலயே செங்குத்துப் படிக்கட்டு. கீழே ஓடையோரப் பாதையோட முதல் பகுதி போதும். ஆலிஸில் டெசர்ட் பார்க் ஒரு முழு நாளுக்குத் தாங்கும்.

கூபர் பீடியில ஒரு எச்சரிக்கை. ஊருக்கு வெளியே ஓபல் தோண்டின குழிகள் மூடாமக் கிடக்கும். போட்டோ எடுக்க நாற்காலியைப் பின்னால உருட்டவே கூடாது.

சில்லுக்காரன்_சிட்னி

ரயர் விசயத்துக்கு நான் வாறன். உங்கட பயணத்தைக் கெடுக்கப் போறது மலையுமில்லை, மணலுமில்லை, நெருஞ்சி. ஊரிலை நாங்கள் வெறுங்காலோடை மிதிச்ச அதே நெருஞ்சிதான். அங்கை அதைக் கல்ட்ரொப் எண்டு சொல்லுவினம். காய் முத்தி அஞ்சாய்ப் பிளக்கும், ஒவ்வொரு துண்டிலையும் ரெண்டு நீட்டு முள். எப்பிடி விழுந்தாலும் ஒரு முள் மேலை பாத்துக்கொண்டுதான் கிடக்கும். பெற்றோல் செற்றுப் பக்கம், காம்ப் கிரவுண்ட் ஓரம், கார் நிப்பாட்டிற சரளைத் தரை, இதுகள்தான் அதின்ரை இடம்.

ரயருக்கை முள் ஏறினால் உடனை பிடுங்காதேங்கோ. முதல் பழுதுபாக்கிற இடத்துக்குப் போய்ச் சேருங்கோ, முள்ளே ஓட்டையை அடைச்சுக்கொண்டு நிக்கும். ஒவ்வொரு ரியூப்புக்கையும் ஒட்டுப்பசைத் திரவம் விட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ, அளவு போத்தலிலை இருக்கும். நாலு நாற்காலிக்கும் சேர்த்துப் பத்து ரியூப் வேணும். முன் சில்லு காற்றடிக்கிறதெண்டால் அதுக்கும் வேறையாய் எடுங்கோ. காற்றில்லாத கெட்டி ரயர் எண்டால் பஞ்சர் இல்லை, ஆனால் அதிர்வு முழுக்க உடம்புக்கை போகும், தசைப்பிடிப்பு வாற ஆளுக்கு அது சரிவராது. போலியோக்காரர் ஒருத்தர் போடலாம்.

இப்ப முக்கியமான விசயம். "24 இஞ்ச்" எண்டு கேட்டு வழியிலை சைக்கிள் கடையிலை ரயர் வாங்கி ஏமாறாதேங்கோ. வீல்சேர் 24 இஞ்ச் ரிம் 540 மில்லிமீற்றர். மலைச் சைக்கிள் 24 இஞ்ச் ரிம் 507. ரியூப்பை ஒருமாதிரி இழுத்துப் பூட்டலாம், ரயர் ஏறவே ஏறாது. ரயரின்ரை பக்கத்திலை 25-540, 37-540 எண்டு எழுதியிருக்கும், அந்த இலக்கத்தைத்தான் பாக்கவேணும். மாற்று ரயர் குறைஞ்சது ரெண்டு வீட்டிலை இருந்தே கொண்டு போங்கோ.

மணலிலை ஒரு இஞ்ச் ரயர் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்கும். அதுக்கு எண்டே 507 ரிம்மிலை ரெண்டு இஞ்ச் மலைச் சைக்கிள் ரயர் போட்ட சில்லுச் சோடி ஒண்டு வைச்சிருந்தால் நல்லது, அச்சுக் கம்பி அதே அரை இஞ்ச்தான். ஆனால் அது பூட்டினால் நாற்காலி பின்பக்கம் எட்டு ஒன்பது மில்லிமீற்றர் உயரும், பிறேக் ரயரிலை இடிக்கும். பிறேக்கைத் தளர்த்தி முன்னாலை நகர்த்திப் பூட்டவேணும். இதை வீட்டிலை ஒருக்காச் செய்துபோட்டு, பிறேக் கம்பியிலை பேனையாலை ரெண்டு அடையாளம் போட்டு வையுங்கோ: ஒண்டு ஒடுக்கச் சில்லுக்கு, ஒண்டு அகலச் சில்லுக்கு.

மணலிலை புதையிறது உண்மையிலை முன் சின்னச் சில்லுதான். கால் தட்டிலை கொளுவுற பெரிய ஒற்றைச் சில்லு, ஃப்றீவீல் மாதிரி, பூட்டினால் சின்னச் சில்லு ரெண்டும் நிலத்தை விட்டு எழும்பும். ஆனால் கால் தட்டு ஒரே துண்டாய், இறுக்கமாய் இருக்கவேணும். மடிக்கிற நாற்காலிக்கு நேரை பூட்டேலாது, அதுக்கு இடையிலை வேறை துண்டு தேவை.

முன் சில்லுப் பெயரிங் கனக்க நாற்காலிகளிலை 608 தான், 8-22-7 அளவு. எட்டுப் பெயரிங் ஒரு கைப்பிடிக்கை அடங்கும். செம்மண் பிடிச்சால் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதேங்கோ, அது புழுதியைக் கூட்டி அரைக்கிற பசையாக்கும். காய்ஞ்ச துணியாலை துடையுங்கோ, தலைமயிர் சுத்தியிருந்தால் வெட்டி எடுங்கோ. அலன் கீ 3, 4, 5, 6 மில்லிமீற்றர். வண்டி அதிர்விலை நாற்காலி ஆணி கழண்டு போகும், வெளிக்கிட முதல் நீல லொக்ரைற் (ஆணி கழராமல் பிடிக்கிற பசை) போட்டு, ஒவ்வொரு பின்னேரமும் கையாலை ஒருக்கா முறுக்கிப் பாருங்கோ.

கடைசியாய், முள்ளு ரயரோடை நிக்காது. தள்ளுற கையுறையிலை ஒட்டும், அங்கையிருந்து கட்டிலுக்கு வரும். டி4, டி10, சி6 மூண்டு பேருக்கும் உள்ளங்காலிலை முள் ஏறினால் தெரியாது. இரவிலை கால் ரெண்டையும் ரோச் அடிச்சுப் பாருங்கோ. காற்றுக் குஷனை வெறும் நிலத்திலை வைக்கவே வேண்டாம்.

வார்டு_ஏழு

உடம்பு விஷயம். நால்வருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதை முதலில் மனதில் வைக்கவும். போலியோ உள்ளவருக்குத் தொடு உணர்வு முழுமையாக இருக்கும். அவருக்குச் சிக்கல் குளிரும் களைப்பும். மற்ற மூவருக்கும் முறிவுக்குக் கீழே உணர்வு இல்லை அல்லது குறைவு.

டி4, சி6 இருவருக்கும் முறிவுக்குக் கீழே சரியாக வியர்க்காது, நடுக்கமும் வராது. ஆகவே வெயிலில் சீக்கிரம் சூடேறும், குளிரில் சீக்கிரம் இறங்கும். ஜூலைப் பகல் ஆலிஸில் 20 டிகிரி அளவில் இதமாக இருக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். எனவே உங்கள் பயணத்தில் பெரிய ஆபத்து வெயில் அல்ல, குளிரைப் போக்க எடுக்கும் வழிகள். வெந்நீர்ப் பை, கேம்ப் நெருப்பு, மடியில் வைக்கும் சூடான தட்டு, சூடாக்கும் கார் இருக்கை, எல்லாமே தெரியாமல் தோலைப் பொசுக்கும். பலரும் மறப்பது காரின் கால் பக்க ஹீட்டர் துளை. முன் இருக்கையில் இருப்பவரின் பாதம் அதை ஒட்டியே இருந்தால் இரண்டு மணி நேரத்தில் கொப்புளம். காற்றைக் கண்ணாடிப் பக்கமும் மார்புப் பக்கமும் திருப்பிவிடுங்கள்.

அழுத்தப் புண்: வண்டியில் அரை மணிக்கு ஒரு முறை முன்னால் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ இரண்டு நிமிடம் பிட்டத்துக்கு விடுதலை கொடுக்க வேண்டும். ஹேண்ட் கன்ட்ரோலில் ஓட்டுபவரால் ஓட்டிக்கொண்டே இது முடியாது, நிறுத்தித்தான் செய்ய வேண்டும். கார் இருக்கையிலும் சொந்தக் குஷனைப் போட்டு உட்காருங்கள், ஆனால் உயரம் கூடுவதால் பெல்ட் சரியாக இடுப்பெலும்பில் விழுகிறதா என்று பாருங்கள். காற்றுக் குஷனை தினமும் காலையில் கைவிட்டுச் சோதிக்கவும்: எலும்பு மிகக் கீழே வரும் இடத்துக்கும் குஷன் அடித்தளத்துக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. இடைவெளி. குளிர் இரவுக்குப் பின் காற்று சுருங்கியிருக்கும். மாலையில் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு இருந்தால் மறுநாள் பயணம் இல்லை. அது மறையும் வரை அந்த இடத்தில் உட்காரக் கூடாது.

கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்): ஒரு நாளைக்கு ஐந்து என்றால் 14 நாளுக்கு ஒருவருக்கு 70. சாலை மூடி நான்கு நாள் மாட்டிக்கொண்டால் இன்னும் 20. தொண்ணூறைக் கொண்டு போங்கள், அதை இரண்டு வண்டியிலும் பாதிப் பாதியாக வையுங்கள். டாய்லெட் இல்லை என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது வழக்கமான தவறு, மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்று. குடிக்க, சமைக்க, கை கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர். வழியில் பல இடங்களில் ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கும், அது குளிக்க மட்டும்.

சப்போசிட்டரி (வயிறு சுத்தம் செய்ய மலக்குடலில் வைக்கும் மருந்து) 30 டிகிரிக்கு மேல் இளகும். மூடிய காரின் டாஷ்போர்டில் குளிர்காலப் பகலிலும் அந்தச் சூடு வரும். ஃப்ரிட்ஜில் வையுங்கள். தசைப்பிடிப்புக்குப் பாக்லோஃபென் சாப்பிடுபவர் அதைத் திடீரென நிறுத்தவே கூடாது, இரண்டு தனித் தனிப் பைகளில் இருக்கட்டும். வயிற்றில் பாக்லோஃபென் பம்ப் இருந்தால் மறுநிரப்பும் தேதி பயணத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

டி6இலோ அதற்கு மேலேயோ முறிவு உள்ளவர்களுக்கு, அதாவது உங்களில் டி4, சி6 இருவருக்கு, ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா (ஏ.டி.) வரலாம். திடீர்த் தலைவலி மண்டையைப் பிளக்கும், முகம் சிவந்து வியர்க்கும், ரத்த அழுத்தம் எகிறும். செய்ய வேண்டியது: படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். பெல்ட், ஷூ, காலில் கட்டிய சிறுநீர்ப் பையின் வார் எல்லாம் தளர்த்துங்கள். கதீட்டர் குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். அது இல்லையென்றால் மலக்குடல், பிறகு தோல், நகம், மாட்டியிருக்கும் உடை. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் அழுத்தம் அளக்கவும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை கையில் இருக்க வேண்டும். நைட்ரேட் வகை என்றால் சில்டெனாஃபில் போன்றவை எடுத்தவருக்குத் தரக் கூடாது. இந்தப் படிகளை அட்டையில் எழுதி இரு வண்டியின் கண்ணாடி மறைப்பிலும் செருகுங்கள். உதவிக்கு வருபவர் இதைப் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம்.

ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் விமானம் வந்தால் ஆளை ஏற்றிக்கொள்ளும். நாற்காலிக்கு இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், பவர் சேருக்கு வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே குஷன், மருந்து, கதீட்டர் மூன்றும் ஒரே சிறு பையில், ஆளோடு போகத் தயாராக இருக்க வேண்டும்.

வோல்ட்டா

சார்ஜிங் கணக்கு. பவர் சேரில் பொதுவா ரெண்டு 12 வோல்ட் ஜெல் பேட்டரி தொடரா இருக்கும். 60 ஆம்பியர்-அவர்னு வைங்க: 24 × 60 = 1,440 வாட்-அவர். மணலும் சரளையும் கலந்த நாளில் 60 சதவீதம் காலியாகிடும், அதாவது 860. அதை நிரப்ப 860 எடுத்தாப் போதும்னு நினைக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. இன்வெர்ட்டர், சார்ஜர், பேட்டரி மூணுலயும் இழப்பு இருக்கு. வண்டி பேட்டரியிலிருந்து சுமார் 1,350 எடுக்கணும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில மொத்தமே 1,280 தான். ஆக 200 வேணும், கூடவே ஃப்ரிட்ஜும் அதுலதான் ஓடும்.

ஓடும்போது 40 ஆம்ப் டி.சி.-டி.சி. சார்ஜர் 500 வாட்டுக்குக் கொஞ்சம் மேல கொடுக்கும். மூணு மணி நேர ஓட்டம் போதும். சோலார் 200 வாட் பலகை குளிர்காலத்துல நாளைக்கு 700 வாட்-அவர் கொடுத்தா அதிகம், அது துணைக்குத்தான். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் 600 வாட் போதும். மலிவு வகை வாங்கினா சார்ஜர் சூடாகி நின்னுடும். முழுச் சார்ஜுக்கு எட்டு மணி நேரம் ஆகும்கிறதால ராத்திரி கரண்ட் இருக்கிற பவர்டு சைட்டையே புக் பண்ணுங்க, இதெல்லாம் அடுத்த நாளுக்கான காப்பு.

ஜாய்ஸ்டிக்குல புழுதி: ஜிப்லாக் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போடுங்க, பார்க்க அசிங்கமா இருக்கும், வேலை செய்யும். சார்ஜ் பண்ற மூணு முள் எக்ஸ்.எல்.ஆர். துளைக்கு டேப் ஒட்டுங்க. மோட்டாரை விடுவிக்கிற நெம்புகோல் ரெண்டும் எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும். அதை விடுவிச்சா பிரேக்கும் போயிடும், அதனால சரிவுல தொடாதீங்க. ஆளோட சேர்த்து 230 கிலோ உருளும்.

மெல்பர்ன்_வழிப்போக்கன்

எல்லாருக்கும் நன்றி. ஊட்னடட்டா முழுவதும் என்பதைக் கைவிட்டாச்சு, வில்லியம் கிரீக் ஒரு நாள் மட்டும். இரண்டு கேள்வி பாக்கி. டென்ட்டில் எந்தக் கட்டில்? வழியில் டாய்லெட், குளியலறை நம்பலாமா?

செம்மண்தடம்

தரையில் விரிக்கிற ஸ்வாக் படுக்கை வேண்டாம், நாற்காலிக்கு ஏறுறதுக்குள்ள தோள் போயிடும். மடக்குக் கட்டில் எடுங்க. பெரும்பாலும் 40-45 செ.மீ. உயரம், உங்க இருக்கை குஷனோட 50 இருக்கும். கட்டில் காலுக்கு அடியில மரக்கட்டை வெச்சுச் சமம் பண்ணுங்க. வெறும் கட்டில் துணி தொய்ஞ்சு பக்கக் கம்பி இடுப்பில் அழுத்தும், மேல 10 செ.மீ. மெத்தை கட்டாயம். டென்ட் வாசல்ல கேரவன்காரங்க விரிக்கிற வலைப்பாய் போட்டா மணலும் முள்ளும் உள்ள வராது.

டாய்லெட்டுக்கு எம்.எல்.ஏ.கே. சாவி ஒண்ணு வாங்குங்க, பூட்டுக்கடை சங்கத்தோடது, நாடு பூரா பூட்டின வீல்சேர் டாய்லெட்டுகளைத் திறக்கும். தங்குற இடத்துக்குப் போன் பண்ணி "வசதி இருக்கா"ன்னு கேட்காதீங்க, எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. கதவு அகலம் எத்தனை மில்லிமீட்டர், ஷவர்ல படி எவ்வளவு உயரம், கமோடுக்குப் பக்கத்துல எவ்வளவு இடம்னு கேட்டு, டேப் வெச்சு அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்க. மடக்குற ஷவர் கமோடு ஒண்ணை ஹையேஸ்ல கட்டிக்கிட்டுப் போங்க.

இன்னொண்ணு, ஆளுக்கில்லாட்டியும் வண்டிக்கு ஒண்ணா 406 மெகாஹெர்ட்ஸ் பி.எல்.பி. (ஆபத்துல மீட்பு சிக்னல் அனுப்புற கருவி) எடுங்க. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்துல பதிவு இலவசம். பதிவு பண்ணும்போது குறிப்புப் பகுதியில "நாலு பேர் வீல்சேர், இருவருக்கு டிஸ்ரிஃப்ளெக்சியா அபாயம்"னு எழுதிடுங்க.

சில்லுக்காரன்_சிட்னி

வில்லியம் கிரீக்கிலை ஐர் ஏரி (Lake Eyre) பாக்கச் சின்னப் பிளேன் எடுக்கிறதெண்டால் முதலே கேளுங்கோ. உயரச் சிறகு பிளேனுக்கை ஏற ரெண்டு பேர் தூக்கவேணும், தூக்குற துணிப்பட்டி நீங்கள்தான் கொண்டுபோகவேணும். லேண்ட் குரூசரிலை மூண்டு உதவியாளிலை ரெண்டு பேரை ஏத்துங்கோ, ஸ்பெயர் ரயர் முப்பது கிலோவுக்கு மேலை.

வார்டு_ஏழு

அப்படியானால் சி6 நண்பரோடு கூபர் பீடியில் ஒரே உதவியாளர்தான் இருப்பார். ஏ.டி. அட்டையும் ரத்த அழுத்தக் கருவியும் அன்று அவரிடம் இருக்கட்டும். லேண்ட் குரூசரில் டி4 நண்பர் போனால் இரண்டாவது கருவி அங்கேயும் வேண்டும்.

மெல்பர்ன்_வழிப்போக்கன்

கருவி இரண்டு, சாவி ஒன்று, ரியூப் பத்து. பட்டியலில் ஏறிவிட்டது.